நாற்பது பெட்டி, ஒரு கப்பல்

அருமைநாயகியின் மேல்கோட்டுப் பையில் எப்போதும் மூன்று பென்சில்கள் இருக்கும். நீலம், கறுப்பு, சிவப்பு. தென் லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியின் நிலவறையில் உள்ள ஸ்டோர்ஸில் அவள் பதினாறு வருடமாக வேலை செய்தாள். வந்த சாமானுக்கு நீலம், போன சாமானுக்குக் கறுப்பு, முடியப்போகிறது என்றால் சிவப்பு. ஒவ்வொரு தட்டின் முன்னாலும் ஒரு கனத்த காகித மட்டை தொங்கும். மட்டையில் எழுதிய எண்ணும் தட்டில் இருக்கும் சாமானும் ஒத்துப்போக வேண்டும். மாதம் ஒருமுறை எண்ணிப் பார்த்து, சரியென்றால் மட்டையின் வலது மூலையில் எண்ணியவர் தன் பெயரின் முதலெழுத்தை இடவேண்டும். அந்த எழுத்து இல்லாத மட்டையை அங்கே யாரும் நம்பமாட்டார்கள். அருமைநாயகியின் எழுத்து விழுந்த மட்டையை இரண்டாம் முறை யாரும் எண்ணுவதில்லை.

படிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சாவகச்சேரியில் எட்டாம் வகுப்போடு நின்றவள். அம்மா நெஞ்சு நோயில் படுத்தபோது தங்கை சிவமலர் கைக்குழந்தை. மலரைக் குளிப்பாட்டியதும், எழுத்துப் பழக்கியதும், பள்ளிக்கூட வாசல் வரை கூட்டிப்போனதும் அருமைநாயகிதான். 1971இல் ரயில்வேயில் சிக்னல் திருத்தும் சபாரத்தினத்தைக் கட்டிக்கொண்டு லண்டனுக்கு வந்தாள். 1984இல் மலரும் வந்து சேர்ந்தாள். அக்காவின் ஸ்ட்ரெதம் வீட்டுச் சின்ன அறையில் நாலு வருடம் இருந்து பட்டம் படித்து, கெனிங்டனில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை எடுத்துத் தனியாகவும் போய்விட்டாள்.

அவளுடைய வேலையைச் சொல்லி விளங்கவைப்பது கஷ்டம். ஆப்பிரிக்காவில் மலாவி என்றொரு ஏழை நாடு. அங்கே ஏழு சங்கங்கள் ஐரோப்பாவிலிருந்து மருந்து அனுப்புகின்றன. ஒருவர் அனுப்புவது மற்றவருக்குத் தெரியாது. அந்த ஏழு பேரையும் ஒரு மேசையில் உட்காரவைத்து, ஒருவர் செய்ததையே மற்றவரும் செய்யாமல் பார்த்துக்கொள்வது மலரின் வேலை.

“அப்ப கலியாணத் தரகர் மாதிரி எண்டு சொல்லு” என்பார் சபாரத்தினம்.

“அதைவிட மோசம் அத்தான். தரகருக்கு ரெண்டு வீடுதான். எனக்கு ஏழு வீடு.”

1990 ஏப்ரலில் ஒரு ஞாயிறு மத்தியானம், மலர் ஒரு பை நிறையக் கடதாசி கொண்டுவந்து அக்காவின் சமையலறை மேசையில் கொட்டினாள். கண் சிவந்திருந்தது.

“ஏழு பேரும் ஏழு விதமா லிஸ்ட் அனுப்புகினம் அக்கா. எல்லாரும் குடுத்தாச்சு எண்டு எழுதியிருக்கினம். ஆனா ஜனவரியிலை தெற்குப் பக்கத்து டிஸ்பென்சரியள்ளை ஒரு பொட்டலம் இல்லை.”

“என்ன பொட்டலம்?”

“உப்பும் சீனியும் கலந்தது. ஊரிலை ஜீவனி எண்டு குடுப்பினமே, அது. மழை துவங்கினால் அங்கை வாந்திபேதி. தண்ணியிலை கரைச்சுக் குடுத்தால் பிள்ளை தப்பும். இல்லாட்டில் ரெண்டு நாள்தான்.”

அருமைநாயகி கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு பட்டியலின் தலையிலும் கொடுத்தவரின் பெயர் கொட்டை எழுத்தில், சின்னத்தோடு இருந்தது. தேதிகள் மூலையில் எறும்பு மாதிரிக் கிடந்தன.

“ஆர் குடுத்தது எண்டதை விடு. எப்ப வந்தது? அதைச் சொல்லு.”

பழைய கலண்டர் தாள் ஒன்றைத் திருப்பி, அடிமட்டம் வைத்துப் பன்னிரண்டு பத்தி கீறினாள். மலர் வாசிக்க வாசிக்க அவள் எழுதினாள். தேத்தண்ணி ஆறிப்போனது. முடிந்தபோது ஏப்ரலிலிருந்து ஜூலை வரை தாள் முழுக்க நீலம். நவம்பரிலிருந்து மார்ச் வரை, மழை பெய்து பாதை உடையும் மாதங்களில், வெறும் வெள்ளை.

அருமைநாயகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இது எங்கட ஆஸ்பத்திரிக் கூத்துத்தான். மார்ச் முடிய முதல் வார்டுகள் எல்லாம் ஓடர் போடும், வேணுமோ வேண்டாமோ. வருசத்துக் காசைச் செலவழிக்காட்டில் அடுத்த வருசம் வெட்டிப்போடுவினம் எண்டு பயம். உங்கட ஆக்களுக்கும் வருசம் டிசம்பரிலையும் மார்ச்சிலையும் முடியுதாக்கும். அந்த நேரத்திலை அவசரப்பட்டு அனுப்புகினம். கப்பல் மூண்டு நாலு மாதம் போகும். கூட்டிப் பார்.”

மலர் விரல் விட்டு மாதங்களைக் கூட்டினாள்.

“இதை நான் கொண்டுபோகட்டோ அக்கா?”

“கொண்டு போ. அது போன வருசக் கலண்டர்தானே.”

ஏழு சங்கங்களும் அந்தத் தாளைப் பார்த்து மாதங்களைப் பங்கிட்டுக்கொண்டன. அந்த வருட மழைக்காலத்தில் தெற்கு டிஸ்பென்சரிகளில் பொட்டலம் தீரவில்லை. மலர் மலாவிக்கு ஒரு பயணம் போய் வந்தாள். அக்காவுக்குப் பூப்போட்ட சீலைத்துணி ஒன்று கொண்டுவந்தாள். அருமைநாயகி அதை அயர்ன் பண்ணும் பலகைக்கு உறையாகப் போட்டாள்.

1991 ஏப்ரலில் மலரின் நிறுவனத்துச் சஞ்சிகை வந்தது. நடுப்பக்கத்தில் மலரின் படம். பின்னால் சுவரில் பன்னிரண்டு பத்தி அட்டவணை, அச்சடித்து, பெரிதாக்கி. அருமைநாயகி அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் வாசித்தாள். யார் கொடுத்தது என்று கேட்பதை விட்டுவிட்டு எப்போது வந்தது என்று கேட்டேன், அதோடு எல்லாம் தெளிந்தது என்று மலர் சொன்னதாகப் போட்டிருந்தது.

அவள் மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். படத்தின் கீழே எறும்பு எழுத்தில் ஒரு பெயர் இருந்தது. கிட்டப் பிடித்துப் பார்த்தாள். படம் பிடித்தவனின் பெயர்.

“என்னப்பா தேடுறாய்?” என்றார் சபாரத்தினம்.

“ஒண்டுமில்லை.”

“உன்ர பேர் எண்டால் அதுக்குள்ளை இல்லை. நான் முதலே பாத்திட்டன்.”

அவள் சஞ்சிகையை மூடினாள். ஆனால் அடுத்த முறை மலர் வந்தபோது அந்தச் சஞ்சிகையில் இன்னும் இரண்டு பிரதி கேட்டு வாங்கினாள். ஒன்றைச் சாவகச்சேரிக்கு அனுப்பினாள். மற்றதைப் பிஸ்கட் தகரத்தில் போட்டு அலுமாரியின் மேல் தட்டில் வைத்தாள். பெருமைதான். என் கையால் வளர்ந்த பிள்ளை என்று ஸ்டோர்ஸில் எல்லாருக்கும் படத்தைக் காட்டியவளும் அவளேதான். காட்டிவிட்டுக் கீழே வந்து மட்டைகளின் முன்னால் நிற்கும்போது நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று முள்ளுக்கம்பி மாதிரி உரசும். ஆர்ச்வே முருகன் கோவிலில் பிரசாத வரிசையில் நிற்கும்போது, “நீங்கள் மலரின்ர அக்காவோ?” என்று யாராவது கேட்பார்கள். ஏழு வருடத்துக்கு முன் அதே வரிசையில் மலரைக் காட்டி, “இது அருமையின்ர தங்கச்சியோ?” என்று கேட்டவர்கள். “ஓம்” என்பாள்.

அந்த ஜூன் மாதம் குளிர். வீட்டில் இன்னும் ஹீட்டர் எரிந்தது. ஒன்பதாம் தேதி ஞாயிறு, மலர் அடுத்த மழைக்காலத்துக்கான அட்டவணையைக் கொண்டுவந்தாள். இப்போது கம்ப்யூட்டரில் அடித்திருந்தது, ஓரம் முழுக்க ஓட்டை போட்ட நீளக் கடதாசி.

“என்ர டேபிளை ஒருக்காப் பாருங்கோ அக்கா. வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கூட்டம். அண்டைக்கு முடிவெடுத்தால் பிறகு மாத்தேலாது. ஜூலையிலை கப்பலுக்கு ஏத்திப்போடுவினம்.”

‘என்ர டேபிள்’ என்ற சொல்லை அருமைநாயகி ஒரு தரம் விழுங்கினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நவம்பர் பத்தியில் விரலை வைத்தாள். கேள்வி ஒன்று வாயில் வந்தது.

“வேண்டாம் அக்கா, நீங்கள் கூட்டலை மட்டும் பாத்தால் காணும்” என்றாள் மலர், பிஸ்கட்டைக் கடித்தபடி. “மற்றதெல்லாம் இப்ப கொஞ்சம் சிக்கல். உங்களுக்கு விளங்காது.”

ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல்தான் சொன்னாள். அருமைநாயகிக்கு அது தெரியும். தெரிந்தும் காது சுட்டது.

அவள் கேட்க நினைத்தது இதுதான். ஒஸ்லோவில் ஒரு தேவாலயச் சங்கம், நாற்பது பெட்டி. பெட்டிக்கு ஆயிரம் பொட்டலம். அக்டோபர் இரண்டாம் கிழமை டேர்பன் துறைமுகம், அங்கிருந்து லொறியில் நவம்பரில் தெற்கு மலாவி. மூன்று வரி கீழே, கொப்பன்ஹேகனில் ஒரு மருத்துவச் சங்கம், நாற்பது பெட்டி. அதே கிழமை, அதே துறைமுகம், அதே இரண்டு மாவட்டம்.

இப்படி ஒன்றை ஸ்டோர்ஸில் அவள் நூறு தரம் கண்டிருக்கிறாள். நாலாம் வார்டு ஆறாம் வார்டுக்கு ஒரு சாமான் கொடுத்தால் இரண்டு வார்டும் தன் கொப்பியில் எழுதும். கொடுத்ததும் கொண்டுபோனதும் ஒரே சாமான். ஒஸ்லோ காசு கொடுக்கிறது. கொப்பன்ஹேகன் வாங்கிக் கட்டி அனுப்புகிறது. இரண்டு பேரும் நாங்கள் கொடுத்தது என்று எழுதிவிட்டார்கள். எண்பது பெட்டி என்று போட்டிருக்கும் மாதத்தில் நாற்பதுதான் வரும்.

“சரியோ அக்கா?”

“கூட்டல் சரி” என்றாள் அருமைநாயகி.

மலர் தாளை மடித்துப் பையில் வைத்தாள். வலது மூலையில் அக்கா தன் எழுத்தை இடவில்லை என்பதை அவள் கவனிக்கவில்லை.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அருமைநாயகி தனக்குத் தானே வக்கீலாக இருந்தாள். கூட்டலைப் பார் என்றாள், பார்த்தேன். விளங்காது என்றாள், விளங்கவில்லை. சஞ்சிகைக்காரரிடம் போய்க் கேட்கட்டும். கூட்டத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் எழும்பி, இது என்ன இரட்டிப்பு என்று கேட்பதையும், மலர் முகம் சிவந்து தாளைப் புரட்டுவதையும் பாண்டேஜ் பெட்டி அடுக்கும்போது நினைத்துப் பார்த்தாள். இனித்தது. பஸ்ஸிலும் ஒருமுறை நினைத்துப் பார்த்தாள்.

வியாழன் பின்னேரம் சாப்பிடும்போது சபாரத்தினத்திடம் விஷயத்தைச் சொன்னாள்.

“அப்ப நாளைக்கு மலர் மூக்குடைபடப் போறாள்” என்றார் அவர். “உனக்குச் சந்தோசம்தானே?”

“ஓம்.”

சொன்ன பிறகு தன் சொல்லைக் கேட்டுத் தானே திடுக்கிட்டாள். சபாரத்தினம் சிரிக்கவில்லை. குழம்பைப் பிசைந்தபடி கேட்டார்:

“ஆனா ஆர் கண்டுபிடிக்கிறது? ஏழு பேரும் தன்ர தன்ர வரியைத்தானே பாப்பினம்.”

அதை அவள் யோசிக்கவே இல்லை. யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். எண்பது பெட்டி இருக்கிறது, நவம்பர் போதும் என்று மற்றவர்கள் தங்கள் பெட்டிகளை ஏப்ரலுக்குத் தள்ளிவிடுவார்கள். கூட்டம் நல்லபடி முடியும். மலருக்கு அடுத்த சஞ்சிகையிலும் படம் வரும். பிழை ஜனவரியில்தான் தெரியவரும், அதுவும் லண்டனில் தெரியாது.

எங்கோ ஒரு டிஸ்பென்சரியில் ஒருத்தி மட்டையைப் பார்ப்பாள். உங்களுக்கு இவ்வளவு அனுப்பியாயிற்று என்று மேலிடத்துக் கடிதம் சொல்லும். தட்டில் பாதிதான் இருக்கும். வெளியே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார் நிற்பார்கள். மீதி எங்கே என்று முதலில் யாரைக் கேட்பார்கள்? சாவி வைத்திருப்பவளைத்தான்.

1978இல் அருமைநாயகியின் தட்டில் பன்னிரண்டு கம்பளி குறைந்தது. மூன்று கிழமை அவளுடைய பையைத் திறந்து பார்த்துத்தான் வெளியே விட்டார்கள். கடைசியில் பிழை மேல்மாடிப் பட்டியலில் இருந்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அவள் சோற்றைப் பாதியில் விட்டு எழும்பிப் போய் மலருக்கு ஃபோன் எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அரை மணி விட்டு மறுபடி எடுத்தாள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களோடு மலர் சாப்பிடப் போயிருப்பாள் என்றார் சபாரத்தினம்.

வெள்ளி காலை ஸ்டோர்ஸில் ஏழு மணி வேலை. ஒன்பது மணிக்கு மேற்பார்வையாளரிடம் போய், சுகமில்லை என்றாள். பதினாறு வருடத்தில் முதல் பொய். ஸ்டோர்ஸ் வேலைக்கான மேல்கோட்டைக் கழற்றவும் மறந்து 159 பஸ்ஸில் ஏறினாள்.

கெனிங்டன் கட்டிடத்தின் இரண்டாம் மாடியில் வரவேற்பு மேசைப் பெண், பார்சல் என்றால் பின்வாசலால் கொடுக்க வேண்டும் என்றாள். “பார்சல் இல்லை, தங்கச்சி” என்று அருமைநாயகி அவசரத்தில் தமிழிலேயே சொன்னாள். அந்த நேரம் பார்த்து மலர் கையில் கோப்பைத் தட்டோடு வெளியே வந்தாள்.

“அக்கா! என்ன? அத்தானுக்கு ஏதும்…”

“அத்தானுக்கு ஒண்டுமில்லை. நவம்பர் பிழை. ஒஸ்லோவும் கொப்பன்ஹேகனும் ஒரே நாப்பது பெட்டி.”

மலர் தட்டைக் கீழே வைத்தாள். கண்கள் மேலே போய் எதையோ தேடின. அட்டவணை முழுக்க அவளுக்கு மனப்பாடம். முகம் வெளிறியது.

“எப்ப கண்டனீங்கள்?”

இரவு முழுக்க யோசித்ததில் வந்தது, காலையில் பளிச்சென்று பட்டது என்று எத்தனையோ பதில் இருந்தது. வருகிற வழியில் பஸ்ஸில் இரண்டு மூன்றைத் தயாரித்தும் வைத்திருந்தாள்.

“ஞாயிற்றுக்கிழமை.”

“ஞாயிற்றுக்கிழமை கண்டிட்டே கூட்டல் சரி எண்டு சொன்னனீங்கள்?”

“கூட்டலைத்தானே கேட்டனீ. நான் கையெழுத்துப் போடேல்லை. நீ பாக்கேல்லை.”

மலர் அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள். சின்ன வயதில் கைவிரலைக் கதவில் நசுக்கிக்கொண்டு அழுவதற்கு முன் பார்க்கும் பார்வை. பிறகு கதவைத் திறந்து பிடித்தாள்.

“வாங்கோ. வந்து நீங்களே சொல்லுங்கோ.”

நீள மேசையைச் சுற்றி ஒன்பது பேர். தலைமைக் கதிரையில் எட்வேட் என்ற உயரமான மனிதர், மலரின் மேலதிகாரி. “இவர் என் அக்கா. ஆஸ்பத்திரி ஸ்டோர்ஸில் வேலை” என்றாள் மலர். வேறு ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அருமைநாயகியின் ஆங்கிலம் ஸ்டோர்ஸ் ஆங்கிலம், குட்டை குட்டையானது. அவள் ஒஸ்லோப் பெண்ணைப் பார்த்து, உங்கள் பெட்டி போகும் கப்பலின் பெயர் என்ன என்று கேட்டாள். அந்தப் பெண் கடதாசியைப் புரட்டினாள்.

“எலினோரா.”

பிறகு கொப்பன்ஹேகன்காரரைப் பார்த்தாள். அவர் புரட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எலினோரா” என்றார்.

யாரோ மெதுவாகச் சிரித்தார்கள். எட்வேட் நவம்பரில் ஒரு வரியை வெட்டப் போனார். எந்த வரியை என்பதில்தான் சண்டை துவங்கியது. காசு எங்களுடையது, தேவாலயங்களில் ஞாயிறுதோறும் சேர்த்தது, எங்கள் மக்கள் தங்கள் பெயரைப் பார்க்க வேண்டும் என்றாள் ஒஸ்லோப் பெண். வாங்கியது யார், பெட்டி கட்டியது யார், கப்பல் பிடித்தது யார் என்றார் கொப்பன்ஹேகன்காரர். இரண்டு பெயரையும் போடலாம் என்றார் எட்வேட். எது முதல் என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். கால் மணி நேரம் போனது. நவம்பரைப் பற்றி யாரும் பேசவில்லை.

அருமைநாயகி அந்த இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். அதில் இருந்தது அவளுக்குப் பழக்கமானது. இரண்டு மாதமாகக் குளியலறைக் கண்ணாடியில் பார்த்துவருவது. வெட்கமாக இருந்தது, மேசைக்குக் கீழே போய்விடலாம் போல.

“கப்பலின் பெயரைப் போடுங்கள்” என்றாள். “எங்கள் ஸ்டோர்ஸில் கொடுத்தவர் பெயரில் மட்டை இல்லை. எந்த லொறியில் எப்போது வந்தது, அவ்வளவுதான்.”

எட்வேட் அதைப் பிடித்துக்கொண்டார். இரண்டு வரியும் போய் ‘எலினோரா, நாற்பது’ என்று ஒரு வரி வந்தது. அருமைநாயகி பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து நவம்பர் பத்தியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். வட்டத்தைக் கண்ட பிறகுதான் கிளாஸ்கோவிலிருந்து வந்தவர், ஏப்ரலுக்கு என்று வைத்திருந்த தன் நாற்பது பெட்டியை முன்னுக்குக் கொண்டுவர ஒத்துக்கொண்டார். மலர் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டாள். அக்காவை நிமிர்ந்து பார்க்கவில்லை. வாசல் வரை வந்து வழியனுப்பவும் இல்லை.

அடுத்த ஞாயிறு மலர் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. அருமைநாயகி இரண்டு தரமும் மூன்று பேருக்குச் சமைத்து, மிச்சத்தைத் திங்கட்கிழமை ஸ்டோர்ஸுக்குக் கொண்டுபோனாள்.

மூன்றாம் ஞாயிறு மணி அடித்தது. மலர் உள்ளே வந்து, கோட்டைக் கழற்றாமலே, நீளக் கடதாசியை மேசையில் விரித்தாள்.

“புது டேபிள். பாருங்கோ.”

“கூட்டலையோ?”

“எல்லாத்தையும்.”

சபாரத்தினம் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அருமைநாயகி கண்ணாடியைப் போட்டாள். நவம்பர், டிசம்பர், ஜனவரி. விரல் பிப்ரவரியில் நின்றது. முழுதாக ஒரு நிமிடம் ஆகவில்லை.

“கிளாஸ்கோ இருபது பெட்டி இஞ்சையும் நிக்குது, மார்ச்சிலையும் நிக்குது. ஒரே லொறி நம்பர்.” கண்ணாடிக்கு மேலால் தங்கையைப் பார்த்தாள். “இது தவறி வந்ததில்லை. நீ வேணுமெண்டு போட்டது.”

மலர் கோட்டுப் பொத்தானைக் கழற்றினாள். பிறகு, “ஓம்” என்றாள்.

“சொல்லுவனோ எண்டு பாத்தனீ.”

“ஓம்.”

“நல்ல பிள்ளை வளத்திருக்கிறாய்” என்றார் சபாரத்தினம் பேப்பருக்குப் பின்னாலிருந்து.

மலர் கதிரையை இழுத்து உட்கார்ந்தாள்.

“போன வருசம் அந்தத் தாளைக் கொண்டுபோகேக்கையே உங்கட பேரைச் சொல்லியிருக்க வேணும். வாயிலை வந்தது அக்கா. வந்து நிண்டிட்டுது. எனக்கு எழுத்துப் பழக்கினது நீங்கள், நான் படிச்சது உங்கட வீட்டிலை இருந்து. கோவிலிலை என்ர பேரே ஒருத்தருக்கும் தெரியாமல் இருந்தது. இது ஒண்டாவது என்ரையா இருக்கட்டும் எண்டு நினைச்சன்.”

அருமைநாயகிக்கு இன்னும் கோபம் இருந்தது. மலருக்கும் இருந்திருக்கும். அருமைநாயகி கறுப்புப் பென்சிலால் பிப்ரவரி இருபதை ஒரு கோடு போட்டு வெட்டினாள். மறுபடி ஜூலையிலிருந்து ஜூன் வரை, ஒவ்வொரு கட்டமாக, உதடு அசையக் கூட்டிக்கொண்டு போனாள். மலர் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டாள்.

முடிந்ததும் அருமைநாயகி நீலப் பென்சிலைக் கூராக்கினாள். தாளின் வலது மூலையில், மட்டையில் இடுவதுபோல, ‘அ. ச.’ என்று எழுதித் தேதியும் போட்டாள். கொஞ்சம் பெரிதாகவே எழுதினாள்.

“பென்சில் எழுத்து, அழிஞ்சு போகும்” என்றாள் மலர் கோப்பையை வைத்தபடி.

“அப்ப அடிக்கேக்கை அச்சிலை போடு.”

“எங்கை போட?”

“படம் பிடிச்சவன்ர பேர் போடுற இடத்திலை” என்றாள் அருமைநாயகி. “அந்தளவு எழுத்துப் போதும். ஆனா போடு.”